சேறு பூச ஆளில்லாத மாப்பிள்ளை

எல்வுட் லோமாதேவாவின் கல்யாணத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. பெண்ணைத் திட்ட யாரும் வரவில்லை.

பெண் என்றால் சின்னப் பெண் இல்லை. லியோராவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மேட்டு ஊர்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எல்வுட்டுக்கு அவளைவிட நாலைந்து வயது கூட. நகரத்துக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சில வருஷங்களாக ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். ஆனால் கோர்ட்டில் போட்ட கையெழுத்தை ஹோப்பிப் பழங்குடிகளில் யார் கல்யாணம் என்று ஒப்புக்கொண்டார்கள்? பெண் வந்து மாப்பிள்ளையின் அம்மா வீட்டில் மண்டியிட்டுச் சோளம் அரைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அவளுக்கு வெள்ளை ஆடை நெய்ய வேண்டும். இதற்கு நடுவில் ஒரு நாள், மாப்பிள்ளையின் அத்தைமார் வாளி வாளியாகச் சேற்றைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டின்மேல் படையெடுக்க வேண்டும். "எங்க மருமகனை மயக்குன மாறுகண்ணி எங்கடி?" என்று தெருவே அதிரக் கத்த வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவும் அவள் அக்கா தங்கைகளும் வாசலை மறித்து நின்று பதிலுக்குச் சேறு அடிக்க வேண்டும். கடைசியில் மூக்கு எது முழி எது என்று தெரியாமல் எல்லோரும் சேறாகி, சிரித்து, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

அத்தைக்கு மருமகன்மேல் எவ்வளவு பாசமோ அவ்வளவு சேறு. சேறே வராத மாப்பிள்ளை என்றால், அப்பா வழியில் அவனுக்கு ஆளே இல்லை என்று பொருள். அனாதை என்று முதுகில் எழுதி ஒட்டியது மாதிரி.

லியோரா வெள்ளைச் சோளத்தை அரைத்து முடித்து நீலச் சோளத்துக்கு வந்துவிட்டாள். முழங்கை வரைக்கும் மாவு. எல்வுட்டின் அம்மா நோரீன் தன் பக்கத்துப் படைக்கென்று வாசலில் குழைத்து வைத்திருந்த சேறு வெயிலில் காய்ந்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி காய்ந்து, இப்போது அதில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"ஏண்டா, உங்க அத்தைங்களுக்கு என்ன, கை வலியா?" என்றாள் நோரீன்.

"வருவாங்கம்மா."

"எப்ப? பேரன் பேத்தி எடுத்தப்புறமா? எங்க அக்காளுங்க தினமும் வந்து சண்டைக்கு ரெடியா உக்காந்து, ஆட்டுக்கறியும் சோளமும் சாப்பிட்டுட்டுப் போறாளுங்க. சண்டை நடக்கிறதுக்குள்ள ஆடு தீந்துரும்."

லியோரா அரைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளாச்சு. சோம்பேறின்னு ஒருத்தி சொல்லல. சமைக்கத் தெரியாதுன்னு ஒருத்தி சொல்லல. என் அக்கா கல்யாணத்துல அவளைப் பன்னி மூஞ்சின்னே சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் இந்த அவமானம்?"

எல்வுட் வேலைக்குக் கிளம்பினான். காரணம் அவனுக்குத் தெரியும். காரணம் ஒரு சுவர்.

*

மேட்டிலிருந்து ஒரு மணி நேரம் கீழே இறங்கினால் ஆற்றங்கரையில் அந்தப் பழைய ஊர் கிடக்கிறது. நூற்றுக்கணக்கான அறைகள், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. பக்கத்தில் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஓர் அருங்காட்சியகம். எல்வுட் அங்கேதான் வேலை பார்த்தான். ரோடு போட்டு, பெட்ரோல் பங்கில் நின்று, ஊரில் பாதி வீடுகளுக்குக் கல் அடுக்கி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருந்தான். பழைய சுவர்களில் மழை அரித்த இடத்தில் மண் குழைத்து அடைப்பது அவன் வேலை. மண் சும்மா மண் இல்லை. ஆய்வுக்கூடத்தில் சோதித்து, சலித்து, எது புது ஒட்டு என்று அடையாளம் தெரிய, பழைய மண்ணிலிருந்து ஒரு பொட்டு நிறம் மாறித் தெரிகிற மாதிரி கலந்த, மேலிடத்து அனுமதி பெற்ற மண்.

வருகிறவர்களில் பாதிப் பேர் சுவரைப் பார்க்க வருவதில்லை, ஆவியைப் பார்க்க வருகிறார்கள். கழுத்தில் பளிங்குக் கல் மாட்டிக்கொண்டு சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

"நீங்க இவங்க வம்சம்தானே? இங்க நிக்கும்போது உங்களால ஏதாவது உணர முடியுதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முடியுதும்மா. இடுப்புல," என்றான் எல்வுட்.

அவனுக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது. கட்டியவர்கள் கைரேகை சாந்தில் பதிந்து கிடக்கிறது, அது போதாதா? வேர்வை சிந்திய மனிதர்களை ஆவியாக்கிவிட்டால் ஒரு வசதி, ஆவிக்கு வாரிசு கிடையாது. வாரிசு இல்லாத வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வேலி போடலாம், டிக்கெட் கிழிக்கலாம். கட்டியவர்களின் பேத்திகள் வந்தாலும் வரிசையில் நின்று அதே டிக்கெட்டைத்தான் வாங்க வேண்டியிருந்தது.

அப்படி வந்த பேத்திதான் பியூலா அத்தை.

பியூலா, எல்வுட்டின் அப்பாவுக்கு மூத்த அக்கா. தண்ணீர்க் குலம். ஹோப்பிகளுக்குக் குலம் அம்மா வழி. எல்வுட் அம்மாவைப் போல நரிக் குலம். வீடும் பெண்களுக்குத்தான். அவன் பிறந்தபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தவள் பியூலா. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, ஹோப்பி அத்தைமார் வழக்கப்படி, அவனை ஊரார் முன்னால் "என் புருஷன்" என்று கூப்பிட்டு மானத்தை வாங்கியவளும் அவள்தான். அவன் வளர வளர கேலியும் வளர்ந்தது. "என் புருஷன் வரான் பாரு, தொப்பை முன்னாடி வருது, அவன் பின்னாடி வரான்" என்பாள். அவன் பதிலுக்கு, "அத்தை, உனக்குப் பல்லு போனதும் நான் வேற பொண்டாட்டி பாத்துக்கிறேன்" என்பான். அப்படி ஒரு சேர்த்தி.

அந்தப் பழைய ஊர் தண்ணீர்க் குலத்தாருடையது. அங்கே வாழ்ந்து, ஆறு முரண்டு பிடித்தபின் மேட்டுக்கு ஏறி வந்தவர்கள் அவர்கள். போன கோடையில் முதியோர் மையத்து பஸ் பியூலாவையும் மற்ற முதியவர்களையும் அங்கே சுற்றுலா கூட்டிக்கொண்டு வந்தது. எல்வுட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு அருங்காட்சியகத்தைத் தானே சுற்றிக் காட்டினான்.

அம்மி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. "எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணு மேல நாய் படுத்துக் கெடக்கு," என்றாள் பியூலா. "அதுக்கும் ஒரு விளக்குப் போடணும் போல."

அடுத்து மெழுகில் செய்த ஒரு குடும்பம். மெழுகு மனைவி மாவு அரைத்துக்கொண்டிருக்க, மெழுகு கணவன் அம்பைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ இடுப்பைப் பாரு. இவ சாப்பிட்டதே இல்ல," என்றாள் பியூலாவின் தங்கை மிர்ட்டில்.

"இவன் எங்க சம்பாதிச்சுப் போட்டான்? மான் போயி எத்தனை நேரமாச்சு, இன்னும் பாத்துக்கிட்டு நிக்கிறான். நம்ம எல்வுட் சாடை இல்ல?" என்றாள் பியூலா.

பஸ் கூட்டமே சிரித்தது. சுவரில் பெரிய எழுத்தில், இந்த மக்கள் மர்மமான முறையில் மறைந்துபோனார்கள் என்று எழுதியிருந்தது. பியூலா திரும்பி, "எல்லாரும் இருக்கீங்களா? யாரும் மறஞ்சிரலையே? மத்தியானச் சாப்பாடு இருக்கு," என்று சத்தம் போட்டாள்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வெளியே வந்து இடிபாடுகளைச் சுற்றியதும் பியூலாவுக்குக் கால் வலித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஆற்றைப் பார்த்த ஒரு தாழ்ந்த சுவரில் உட்கார்ந்தாள். மடியில் துணியை விரித்து, காகிதம் போல மெலிதான நீலச் சோள பிக்கி ரொட்டியைப் பிரித்தாள்.

கொஞ்சம் தள்ளி அதே சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரரை அப்போதுதான் எல்வுட் எழுப்பிவிட்டிருந்தான். அவர் விரலை நீட்டினார். "அப்போ அந்த அம்மா?"

இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அருங்காட்சியகத் தலைவர் ஹால்வர்சனும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டை திடீரென்று கனத்தது. நடந்து போய் அத்தையின் முன்னால் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக, ரோட்டில் போகிற யாரோ ஒருவரிடம் பேசுகிற குரலில் சொன்னான்:

"அம்மா, சுவர்ல உக்காரக் கூடாதுங்க. கொஞ்சம் எழுந்திரிங்க."

பியூலா அவனை அண்ணாந்து பார்த்தாள். ரொட்டியை மடித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க சார். தெரியாம உக்காந்துட்டேன்," என்று எழுந்து போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அவனைக் கேலி செய்யவில்லை. மரியாதை கொடுத்தாள்.

*

மரியாதை எவ்வளவு கொடியது என்று அறிய வேண்டுமானால் அம்மா கோபித்துக்கொண்டதற்கு மறுநாள் மாலை எல்வுட் பியூலா வீட்டுக்குப் போனபோது உடன் போயிருக்க வேண்டும்.

"வாங்க, வாங்க. மிர்ட்டில், சாருக்கு அந்த நல்ல நாற்காலியைப் போடு. காப்பி சாப்பிடுறீங்களா? சர்க்கரை எவ்வளவு?"

சின்ன வயதிலிருந்து அவன் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு. இப்போது அவன் கையில் பாதிரியார் வந்தால் மட்டும் எடுக்கிற, பூப்போட்ட கோப்பை. கீழே தட்டு வேறு.

"அத்தை, என் கல்யாணம் நடக்குது."

"கேள்விப்பட்டோம். ரொம்ப சந்தோஷம். நல்ல பொண்ணுன்னு சொல்றாங்க. அடக்கமான பொண்ணாம்."

எல்வுட்டுக்கு நெஞ்சில் குத்தியது. லியோராவைப் போய் அடக்கமான பொண்ணு என்கிறாளே! இதைவிட ஒரு பெண்ணை எப்படிக் கேவலப்படுத்துவது?

"அத்தை, ஒரு வார்த்தை திட்டேன். மாறுகண்ணுன்னு சொல்லு. காக்கா குரல்னு சொல்லு. அவ குரல் நெஜமாவே அப்படித்தான்."

"சர்க்கார் உடுப்புப் போட்டவங்க வீட்டுப் பொண்ணை நாங்க அப்படிப் பேசலாங்களா?"

"அத்தை, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. ஆயிரம் தடவை சொல்லிட்டேன்."

"தப்பே இல்லீங்களே. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே." பியூலா எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பினாள். "படி இருக்கு, பாத்துப் போங்க."

*

மறுநாள் காலை எல்வுட் ஹால்வர்சனின் அறைக்குப் போனான்.

ஹால்வர்சன் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அதட்டாதவர், வெயிலுக்கு மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு திரிகிறவர். உலகத்தில் நடக்கிற அநியாயத்தில் பாதி இந்த மாதிரி அதட்டாத மனிதர்களை வைத்துத்தான் நடக்கிறது.

"தண்ணீர்க் குலத்துப் பெண்கள் வந்தா அந்தச் சுவர்ல உக்காரட்டும் சார். அது அவங்க வீடு," என்றான் எல்வுட்.

"புரியுது எல்வுட். ரொம்ப முக்கியமான விஷயம் இது. கலந்தாலோசனைக் குழு இருக்கு. அங்க வெச்சுப் பேசலாம்."

"எப்ப சார்?"

"குழு இன்னும் அமைக்கப்படல."

"உக்காந்தா சுவர் என்ன ஆயிரும்?"

"ஒருத்தர் உக்காந்தா ஒண்ணும் ஆகாது. ஆனா ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணும். விதி அப்படி."

எல்வுட் ஜன்னல் கண்ணாடி வழியாக அந்தச் சுவரைப் பார்த்தான். அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "போன வசந்தத்துல அந்தச் சுவர்மேல ஒரு பொண்ணு ஏறி நின்னுச்சே சார். வெள்ளைக் கவுன், குதி உசந்த செருப்பு. கல்யாணப் படம் எடுத்தாங்க. நீங்கதான் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டீங்க. அந்தச் செருப்பு போட்ட ஓட்டையை ரெண்டு நாள் நான்தான் அடைச்சேன்."

ஹால்வர்சனின் மூக்கில் களிம்புக்கு அடியில் சிவப்பு ஏறியது. "அது வேற. அவங்க அப்பாதான் இந்தப் புதுக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவர். அதுக்குத் தனி அனுமதி வாங்கினோம்."

"எங்க அத்தையோட பாட்டிங்க பழைய கட்டடத்தையே கொடுத்தாங்களே சார்," என்றான் எல்வுட். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

நேராகப் போய் அந்தச் சுவரில் உட்கார்ந்தான். சனிக்கிழமை, நல்ல கூட்டம். சீருடையோடு, பெயர்ப் பட்டையோடு, காலை ஆட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்தான். பக்கத்தில் அன்றைக்குக் குழைத்த மண், தொட்டி நிறைய. அத்தையை எழுப்பிய அதே இடத்திலிருந்து என்னையும் எழுப்பட்டும். நான் எழுந்திருக்க மாட்டேன். வேலை போனால் போகட்டும். இதுதான் கணக்கு.

ஹால்வர்சன் ஓடி வந்தார். "எல்வுட், ப்ளீஸ். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் சார். மறஞ்சுபோன ஜனம் திரும்பி வந்துருச்சுன்னு சொல்லுங்க."

கூட்டம் படம் எடுத்தது. பளிங்குக் கல்காரி ஒருத்தி கண்ணீர் விட்டாள். படம் மதியத்துக்குள் மேட்டு ஊர்களின் கைபேசிகளில் எல்லாம் சுற்றிவிட்டது. எல்வுட் உட்கார்ந்தே இருந்தான். வெயில் ஏறியது. பின்புறம் மரத்துப்போனது. ஹால்வர்சன் கெஞ்சிப் பார்த்து, ஓய்ந்து, குடை ஒன்றைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

பிற்பகலில் ஒரு பழைய பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து வேலிக்குள்ளேயே நுழைந்தது. முன்னால் பியூலாவும் மிர்ட்டிலும். பின்னால் சரக்குப் பெட்டியில் தண்ணீர்க் குலத்துப் பெண்கள் ஒரு கூட்டம்.

எல்வுட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தை பார்த்துவிட்டாள். உள்ளம் உருகி ஓடி வருகிறாள். கட்டிப் பிடித்துக்கொள்ளப் போகிறாள்.

பியூலா கைத்தடியை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"டேய்! யாரைக் கேட்டுடா அங்க உக்காந்தே?"

எல்வுட் வாயைத் திறந்தான்.

"உங்க அம்மா நரிக் குலம். நீ நரி. உங்க ஆளுங்க அந்த மலைக்கு அந்தாண்ட எந்தப் பொந்துல கெடந்தாங்களோ! இது தண்ணிக் குலத்து வீடு. என் பாட்டிக்குப் பாட்டி வீடு. இதுல உக்கார நான் இருக்கேன், மிர்ட்டில் இருக்கா. நீ யாருடா உக்கார, கழுதை? வீட்டுக்கு வந்த ஆம்பளை வாசல்ல நிக்கணும்!"

எல்வுட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சொல்வது சரி. அநியாயத்தை எதிர்க்கிற வேகத்தில் அடுத்த குலத்துக்காரியின் வீட்டில் சட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஹால்வர்சன் செய்ததையே இவனும் செய்திருக்கிறான், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. ஆனால் அவன் காதில் விழுந்ததெல்லாம் ஒரு சொல்தான். டேய். அத்தை டேய் என்றுவிட்டாள். கழுதை என்றுகூடச் சொன்னாள்!

"அத்தை!" என்று இளித்தான்.

"இளிக்கிறதைப் பாரு! அன்னிக்கு என்னை எழுப்பிட்டு இன்னிக்கு நீ உக்காருறியா? அந்த மாறுகண்ணி சொல்லிக் கொடுத்தாளா? உப்புப் போடத் தெரியாத சிறுக்கி, தூங்குமூஞ்சி, பஸ் ஓட்டத் தெரியும், அம்மி ஓட்டத் தெரியுமா அவளுக்கு?"

கைத்தடியைக் கீழே போட்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். மண் தொட்டி கண்ணில் பட்டது. ஆய்வுக்கூடத்தில் சோதித்து, சலித்து, மேலிடத்து அனுமதி பெற்ற மண்ணில் இரண்டு கை நிறைய அள்ளினாள்.

முதல் உருண்டை எல்வுட்டின் பெயர்ப் பட்டையில். இரண்டாவது காதில். அதற்குள் மிர்ட்டிலும் மற்றவர்களும் தொட்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். "எங்க புருஷனைத் திருடுனவ எங்கடி!" என்று கூச்சல். எல்வுட் சுவரிலிருந்து இறங்கினான், ஆனால் ஓடவில்லை. மழையில் நிற்கிற ஆடு மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஒரு உருண்டை தவறிப்போய் ஹால்வர்சனின் குடையில் விழுந்தது. அடுத்தது தவறாமல் ஹால்வர்சனின் மேலேயே விழுந்தது.

"போலீஸைக் கூப்பிடவா?" என்று அலறினார் அவர்.

எல்வுட் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். அவன் முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது, அத்தனையும் தெரிந்தது. "வேண்டாம் சார். எங்க அத்தைங்க."

தொட்டி பாதியானதும் பியூலாவுக்கு மூச்சு வாங்கியது. செருப்பை உதறினாள். சுவரில் போய், அதே இடத்தில், அப்பாடா என்று உட்கார்ந்தாள். மிர்ட்டிலும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுவர் ஒன்றும் ஆகவில்லை. அங்கங்கே சேறு தெறித்திருந்தது. ஹால்வர்சன் கிட்டே போய்ப் பார்த்தார். அது அவரே அனுமதித்த கலவை. அதைச் சேதம் என்பதா, பராமரிப்பு என்பதா என்று அவருக்கு விளங்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். "எங்களை மட்டும் உக்காரக் கூடாதுன்னு சொன்னீங்க. அவங்க மட்டும் உக்காரலாமா?"

எல்லோரும் எல்வுட்டைப் பார்த்தார்கள். போன கோடையில் நின்ற அதே இடம். அதே கேள்வி.

"அது அவங்க வீடு," என்றான்.

"சத்தமா சொல்லுடா, கழுதை," என்றாள் பியூலா சுவரிலிருந்து. "பின்னாடி இருக்கிறவனுக்குக் கேக்கல."

எல்வுட் சத்தமாகச் சொன்னான். ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டது. ஹால்வர்சன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றார். வெள்ளை ஆடை நெய்ய ஆள் போதாமல் மாமன்மார் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். எல்வுட் மனதார நன்றி சொன்னான். அது அவரை இன்னும் குழப்பியது.

"என்னடா நின்னுட்டே?" பியூலா எழுந்தாள். "அந்த மாறுகண்ணி மூஞ்சி இன்னும் காய்ஞ்சே கெடக்கு. மிச்சச் சேத்தை வண்டியில ஏத்து. எங்களுக்குக் குனிய முடியாது."

ஆக, தன் அம்மா வீட்டின்மேல் எறிய வேண்டிய சேற்றை மாப்பிள்ளையே வாளியில் அள்ளி வண்டியில் ஏற்றினான். ஏற்றி முடித்து, வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, வீட்டுக்குப் போன் போட்டான்.

"அம்மா! வர்றாங்க!"

"எத்தனை பேரு?" நோரீன் குரலில் இருபது வயது குறைந்திருந்தது. பின்னால் அக்கா தங்கைகள் அலறும் சத்தம், வாளி உருளும் சத்தம், சேற்றிலிருந்து விரட்டப்பட்ட கோழியின் சத்தம்.

போனை லியோரா பிடுங்கிக்கொண்டாள். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"மாறுகண்ணியாம். தூங்குமூஞ்சியாம். உப்புப் போடத் தெரியாத சிறுக்கியாம்."

"அப்புறம்?"

"பஸ் ஓட்டத் தெரியும், அம்மி ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்க."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நல்ல அத்தை," என்றாள் லியோரா. "வரச் சொல்லு. என் கையில மாட்டட்டும்."